நெஞ்செரிவுக்கு அதிமதுரம்: யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. மூன்று மாதமாக நெஞ்செரிவு, புளிச்ச ஏப்பம். அயலில் ஒருவர் சொன்னபடி அதிமதுரத்தை அவித்து மூன்று நேரமும் அரை ரம்ளர் குடிக்கிறா. எரிவு நல்லாய்க் குறைஞ்சிட்டுது. ஆனால் இப்ப காலில் வீக்கம் தெரியுது. பிறஷர் குளிசையும் பாவிக்கிறா. தொடர்ந்து கொடுக்கலாமா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் இரண்டொரு நாளுக்குள் பிறஷரைப் பார்க்கச் செய்யுங்கள். அதிமதுரம் குடித்த விடயத்தை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கும். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கைகால் சோர்ந்து தளர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அதிமதுரத்துக்கு இனிப்பைக் கொடுப்பது கிளிசிரைசின் என்ற பொருள். அது கூடினால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே விடும். கால் வீங்கும், பிறஷர் ஏறும். பிறஷர், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், நீர் போகிற குளிசை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் அதிமதுரக் கசாயத்தைத் தொடக்கூடாது. மருந்து நல்லதுதான், உங்கள் அம்மாவுக்கு ஏற்றதல்ல.

இந்த வருத்தங்கள் இல்லாதவர்களுக்கு அளவு இதுதான்: ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் வேர். பென்சில் மொத்தத்தில் ஓரங்குலத் துண்டு ஏறக்குறைய அவ்வளவு வரும். அதைத் தட்டி, 200 மில்லிலீற்றர் தண்ணீரில் சிறு நெருப்பில் 10 நிமிடம் அவித்து வடியுங்கள். பாதியை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும், மீதியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வாய்வாயாகக் குடிக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். கைப்பிடியாக அள்ளிப் போட்டு நாலிலொன்றாக வற்றவைப்பதால்தான் பிழை வருகிறது.

தண்ணீரையும் கவனியுங்கள். வன்னியில் பல கிணறுகளில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணீர்தான். அதை வற்றவைக்க வற்றவைக்க உப்புகளும் செறியும். வவுனியாப் பக்கம் கமக்காரரிடையே சிறுநீரக நோய் இருக்கிற படியால், வற்றவைக்கும் கசாயத்துக்கு உப்பு நீக்கும் இயந்திரத்தில் (RO) வடிகட்டிய தண்ணீரையே எடுங்கள்.

இன்னொன்று. வேலியில் படர்ந்திருக்கும் குன்றிமணிக் கொடியின் வேரும் இனிக்கும், அதிமதுரத்துக்குப் பதிலாக அதையே அவிக்கலாம் என்று சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். குன்றிமணி விதை கொடிய நஞ்சு. வேர் கிண்டுகிற இடத்தில் பிள்ளைகள் விதை பொறுக்கி வாயில் வைப்பார்கள். அதிமதுரத்தைத் தெரிந்த மருந்துச் சரக்குக் கடையில் வாங்குங்கள். முறித்தால் உள்ளே மஞ்சளாக, நார்நாராக இருக்க வேண்டும். பூஞ்சணம் மணந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு மல்லித்தண்ணி கொடுங்கள். தடிமனுக்கு அவிக்கிறதுபோல இஞ்சி, மிளகு, திப்பிலி போட்டு அல்ல. அவை எரிவைக் கூட்டும். கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி, சின்னச்சீரகம் அரைத் தேக்கரண்டி. இரண்டையும் உரலில் ஒரு தட்டு, மல்லி இரண்டாய்ப் பிளந்தால் போதும். 400 மில்லிலீற்றர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு இறக்கி, மூடியோடு 10 நிமிடம் வையுங்கள். மூடாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் நிறத்தண்ணீர். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து, ஆறி இளஞ்சூடானதும் அரை ரம்ளர். சுடச்சுடக் குடித்தால் அந்தச் சூடே புண்பட்ட களத்தை (உணவுக்குழாயை) இன்னும் எரிக்கும்.

கேள்வி: வயல் வேலைக் காலத்தில் எனக்கு எரிவு கூடுகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குனிந்து களை பிடுங்கினால் புளித்தண்ணி தொண்டைவரை வரும். வெந்தயம் நல்லது என்கிறார்கள். எப்படிக் குடிக்கிறது?
வாசகர், நெடுங்கேணி

பதில்: வெந்தயத்தின் பலன் அதன் வழுவழுப்பில்தான் இருக்கிறது. அந்தப் பசை களத்தின் உட்பக்கத்தில் மெல்லிய படையாகப் படிந்து எரிவைத் தணிக்கும். அமிலம் சுரப்பதை அது நிறுத்தாது. ஆகவே அளவைவிட நேரம் முக்கியம்.

ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஒருமுறை அலசி, கொதித்தாறிய 200 மில்லிலீற்றர் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். விடிய விதைகள் ஊதி, தண்ணீர் விரலில் ஒட்டி இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் விதை பழசு, அல்லது வறுத்தது. வறுத்த வெந்தயம் கறிக்குத்தான் சரி. அவிக்கவும் வேண்டாம், கைப்புத்தான் கூடும். வடித்த தண்ணீரில் பாதியைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பும், மீதியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பும் குடியுங்கள். எங்கள் வெக்கைக்கு மத்தியானத்துக்குப் பிறகு வைத்திருக்கக்கூடாது. நுரை கட்டிப் புளி மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள். முதல் சில நாள் வயிறு ஊதினால் அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள்.

இரண்டு கவனம். வெந்தயம் சீனியை இறக்கும்; சலரோகக் குளிசை எடுப்பவர் அளந்து பார்த்துத்தான் குடிக்க வேண்டும். அந்தப் பசை மற்றக் குளிசைகளையும் உடம்பில் சேரவிடாமல் பிந்தவைக்கும். இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

ஆனால் வெந்தயம் குடித்துவிட்டு வயிறு நிறையச் சோறும் தேங்காய்ப்பால் கறியும் சாப்பிட்டு உடனே குனிந்தால் ஒரு பலனும் இல்லை. கொழுப்புச் சாப்பாடு இரைப்பையில் நெடுநேரம் நிற்கும். குனியும்போது வயிறு மடிந்து அமுங்கி, உள்ளே இருப்பது மேலே ஏறும். மத்தியானச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு வரம்பு பார்ப்பது, தண்ணீர் கட்டுவது போன்ற நிமிர்ந்து செய்யும் வேலை. களை பிடுங்குவதை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். காலையில் பழஞ்சோற்றோடு கடிக்கும் பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். புகையிலை போட்டு வெற்றிலை சப்புவதாக இருந்தால் அதையும் விட வேண்டும். நாரி நோவுக்கு டைக்குளோபினக், இபுபுறொபன் குளிசை வாங்கிப் போடுகிறீர்களா? அப்படியானால் எந்த மூலிகையும் ஈடுகொடுக்காது. அவை இரைப்பையையே புண்ணாக்கும்.

கேள்வி: அப்பச்சோடாவைத் தண்ணியில் கரைத்துக் குடித்தால் உடனே கேட்கிறது. கெடுதலா?
வாசகர், மாங்குளம்

பதில்: எப்போதாவது கால் தேக்கரண்டி என்றால் பெரிய கெடுதல் இல்லை. தினமும் என்றால் கெடுதல்தான். அதில் சோடியம் அதிகம், பிறஷர்காரருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் ஆகாது. வயிறு நிறைந்திருக்கும்போது குடித்தால் வாயு திடீரெனப் பொங்கி நோவெடுக்கும். முக்கியமாக ஒன்று: நெஞ்சை அமுக்குவதுபோல நோ, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ இழுப்பு என்று வந்தால் சோடா கரைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஏழாம் மாதம். படுத்தாலே நெஞ்செரிவு. வெந்தயம், கற்றாழை கொடுக்கலாமா?
வாசகி, வட்டக்கச்சி

பதில்: மருந்தளவில் இரண்டும் வேண்டாம், அதிமதுரமும் வேண்டாம். கற்றாழை மடலின் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கி இளக்கும். கறிக்குத் தாளிக்கும் வெந்தயத்தால் பயமில்லை. கர்ப்பகாலச் சுரப்பால் களத்தின் கீழ்வாய் தளர்கிறது, வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் தானாக மாறிவிடும். அதுவரை ஐந்தாறு தரம் கொஞ்சங்கொஞ்சமாகச் சாப்பிடட்டும். கிளினிக்கில் தருகிற திரிபோஷாச் சத்துமாவையும் இடைநேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முன், படுக்கை இடப்பக்கமாக. ஒரு சிட்டிகை சின்னச்சீரகம் அவித்த தண்ணீர் போதும். அதற்கும் கேளாவிட்டால் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள். ஆனால் மேல்வயிற்றில், குறிப்பாக வலப்பக்க விலாவின் கீழ் நோவும், விடாத தலையிடியும், கண் மங்கலும் வந்தால் அது நெஞ்செரிவாக இராது. இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிறஷர் ஏறியிருக்கலாம்.

கேள்வி: அப்பா படுக்கையில் இருக்கிறார். மல்லித்தண்ணி பருக்கினால் இருமுகிறார், பிறகு எதுக்களிக்கிறார். என்ன செய்ய?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: படுத்தபடி எதையும் பருக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை அண்டைகொடுத்து நேராக இருத்தி, நாடி (மோவாய்) சற்றுக் கீழே பார்க்கத் தேக்கரண்டியால் கொடுங்கள். ஒரு கரண்டி விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. கொடுத்து முடிந்தும் அரை மணித்தியாலம் இருந்தபடியே இருக்கட்டும். நேராக இருத்தியும் தண்ணீருக்கு இருமினால் விழுங்குவதில் பிழை இருக்கிறது. மூலிகையை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள், தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் நியுமோனியா வரும். உணவு சிக்குதல், மெலிதல், இரத்தவாந்தி, தார்போலக் கறுத்த மலம் இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்கவே கூடாது.

இரவில் எதுக்களிப்பதற்குத் தலையணையை அடுக்குவது உதவாது. இடுப்பு மடிந்து வயிறுதான் அமுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே 6 அங்குல உயரத்தில் அசையாத மரக்கட்டை வைத்து, கட்டில் முழுவதும் சரிவாக இருக்கும்படி செய்யுங்கள். கால்மாட்டுக்கு வழுகி வந்தால் முழங்காலின் கீழ் ஒரு சுருட்டிய சீலை வையுங்கள்.