மெரைன் போலீஸ் படகு போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: எங்கள் ஊர் மெரைன் போலீஸ் நிலையத்தின் ரோந்துப் படகு ஓராண்டுக்கு மேலாகத் துறைமுகத்தில் கட்டியே கிடக்கிறது. அதைக் கழிவு செய்து ஏலம் விடப் போகிறார்கள், நிலையத்தையும் பக்கத்து நிலையத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. அப்படி நடந்தால், கடலில் ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது? புகாரை எங்கே கொடுப்பது? படகை எங்கள் சங்கமே ஏலத்தில் எடுத்தால் என்ன? – நாட்டுப்படகு மீனவர் சங்கச் செயலாளர் ஒருவர்.

பதில்: முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கரையில் பலருக்கும் கோஸ்ட் கார்டும் மெரைன் போலீஸும் ஒன்றுதான். அப்படி இல்லை. கோஸ்ட் கார்டு என்பது இந்தியக் கடலோரக் காவல்படை. மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. நீங்கள் சொல்லும் மெரைன் போலீஸ், தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அதன் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், கடலில் தேடி மீட்பதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கோஸ்ட் கார்டுடையது. உங்கள் ஊர் ரோந்துப் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு மாறாது. ஆகவே ஆபத்து என்றால் 1554. அது கோஸ்ட் கார்டின் இலவச எண். மெரைன் போலீஸின் 1093 மாநிலம் முழுமைக்குமான எண். ஒரு நிலையத்தை இணைப்பதால் அது அறுந்துபோகாது. ஆனால் நிலையத்து ஆய்வாளரின் கைபேசி எண்ணை மட்டும் நம்பித் தொழிலுக்குப் போகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர் மாற்றலாகிப் போனால் அந்த எண் யாரிடம் இருக்கும்? 1554, 1093 இரண்டையும் ஒவ்வொரு படகின் அணியத்திலும் (முன்பக்கத்திலும்) பெயின்டால் எழுதி வையுங்கள்.

கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, வி.எச்.எஃப். என்ற வானொலிப் பேச்சுக் கருவியில் 16-ஆம் அலைவரிசை. கோஸ்ட் கார்டு நிலையமும் போகிற வருகிற கப்பல்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உலக நடைமுறை. இரண்டு, இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற ஆபத்து எச்சரிக்கைக் கருவி. தீ, படகு மூழ்குதல், ஆள் தவறி விழுதல், மருத்துவ உதவி என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் படகு நிற்கும் இடம் போய்ச் சேரும். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், நம் அழைப்பு கிடைத்தது என்ற பதிலும் திரும்பி வரும். நடுக்கடலில் இருப்பவனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் அந்தப் படகு போவதால் இழப்பே இல்லையா? இருக்கிறது. கரையோரத்தில் நேரில் போய்ப் பார்க்க ஆள் இல்லாமல் போவதுதான் அந்த இழப்பு. இரவில் இரட்டைமடிக்காரன், அதாவது இரண்டு விசைப்படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிறவன், கரையை ஒட்டி வந்து உங்கள் வலையை அறுத்துப் போகிறான். அடையாளம் தெரியாத படகொன்று முகத்துவாரத்தில் நிற்கிறது. இரண்டு ஊருக்குள் கடலிலேயே கைகலப்பு. இதற்கெல்லாம் கோஸ்ட் கார்டு கப்பல் வராது. அரை மணி நேரத்தில் அங்கே போய் நிற்கக்கூடிய சிறிய படகுதான் வேண்டும். அந்த வேலைக்குத்தான் இந்த 12 டன், 5 டன் படகுகள் வாங்கப்பட்டன.

அவை ஏன் இப்படிக் கட்டிக் கிடக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005-இல் தொடங்கியது. முதல் கட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 12 நிலையங்கள், 2011-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 30. முதல் கட்டத்தில் படகுகளை மத்திய அரசு வாங்கித் தந்தது. முதல் 5 ஆண்டுகளுக்கு எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் பணமும் தந்தது. அதன்பின் அந்தச் செலவு மாநிலத்தின் தலையில். வேகத்துக்காகக் கட்டிய படகு, டீசலைக் குடிக்கும். டீசலுக்கு அளவு வைத்தார்கள். படகு வெளியே போகும் நாள் குறைந்தது. ஓடாத படகின் அடியில் கொட்டலசு என்ற சிப்பி போன்ற ஓட்டு உயிர் எப்படி அப்பும் என்பது உங்களுக்குத் தெரியும். அது கனம் ஏற்றும், வேகத்தைத் தின்னும். உப்புநீர் போய்வரும் குழாய்கள் அடைத்து என்ஜின் சூடேறும். ஒரு உதிரி பாகம் வேண்டும் என்றால் கோப்பு சென்னைக்குப் போய் வர வேண்டும். இதற்குள் வாடைக் காற்று தொடங்கிவிடும். தேடுவிளக்கின் மேல் காகம் உட்கார்ந்திருக்க, புரொப்பெல்லரில் சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்த படகுகளைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் பார்க்கலாம். அந்த நிலைக்கு வந்த படகைப் பழுது பார்க்கச் சொல்லிப் போராடுவது, என் கருத்தில், வீண்.

போராட வேண்டியது வேறு இடத்தில். காவல் நிலையம் என்பது வெறும் கட்டடம் அல்ல. பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, மாநில அரசு அறிவித்தால்தான் ஓர் இடம் காவல் நிலையம். அதன் எல்லையும் அப்படியே. எனவே வாய்மொழியாக ஒரு நிலையத்தை மூட முடியாது. அரசாணை வேண்டும், எந்த ஊர்கள் எந்த நிலையத்துக்குப் போகின்றன என்ற அறிவிப்பு வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி உள்துறைக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ரோந்து எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதுகாப்பைக் காட்டி மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இணைப்புக்கு அரசாணை உண்டா, அதன் எண்ணும் தேதியும் என்ன, கழிவு செய்யும் படகுக்கு மாற்றுப் படகு ஒதுக்கப்பட்டுள்ளதா, அது எங்கே நிறுத்தப்படும். கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. மாற்றுப் படகு 40 கிலோமீட்டர் தள்ளி நின்றால் உங்களுக்கு அது இல்லாததுபோல்தான். வந்த பதிலை எடுத்துக்கொண்டு ஆட்சியரின் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.

புகார் விஷயத்தில் பயம் வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிந்தாக வேண்டும். “இது மெரைன் போலீஸ் விஷயம், அங்கே போங்கள்” என்று ஊர்க் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், மனு ரசீது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். வலை, மடி, தடைக்கால மீறல் போன்றவற்றுக்கு மீன்வளத்துறை உதவி இயக்குநரிடமும் ஒரு நகல் கொடுங்கள். கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் நடவடிக்கை எடுப்பது அவர்கள் துறை.

எந்தப் புகாரிலும் ஜி.பி.எஸ். காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கட்டும். 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்களே, அந்த இடம் கரையிலிருந்து 20.5 கடல் மைல். 12-ஐத் தாண்டிவிட்டதால் கேரள அரசுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுதான் எடுத்து நடத்த வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டரை மைல் வித்தியாசத்தில் வழக்கே கைமாறியது. “கரையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்” என்று எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரிப்பார்.

ஏலம் பற்றி. கழிவு செய்த அரசுப் பொருளை, விதிப்படி பணம் கட்டி யாரும் ஏலத்தில் எடுக்கலாம், சங்கமும் எடுக்கலாம். ஆனால் எடுக்காதீர்கள். ஐஸ் போட, மீன் கொட்ட அதில் இடம் இல்லை. வலை இழுக்கக் கட்டிய தளமும் இல்லை. ஒரு நாள் டீசல் செலவுக்கே பிடித்த மீன் பற்றாது. என்ஜினுக்காக மட்டும் ஆசைப்படுகிறீர்கள் என்றால், ஏலத்துக்கு முன்பு பார்வையிட விடும் நாளில் உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், குளிர்விக்கும் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்ற விடமாட்டோம் என்றால் முன்பணத்தைக் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.