வாசிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா?

வணக்கம் சார், என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். தமிழ் பாடத்த கடகடன்னு வாசிக்கிறா, ஆனா நடுவுல ஒரு வார்த்தைல விரல வச்சு கேட்டா முழிக்கிறா. க, கா, கின்னு 247 எழுத்தும் சொல்லுவா. டியூஷன் மிஸ் எல்லாத்தையும் இன்னும் பத்து தடவ எழுத சொல்றாங்க. என்ன பண்ணலாம்?
ஒரு அம்மா, ஈரோடு

வணக்கம்மா,

முதல்ல அந்த பத்து தடவைய நிறுத்துங்க, பாவம் குழந்த. வரிசையா சொல்றப்ப அடுத்தது என்னன்னு வாய்க்கே தெரியும், கண்ணு எழுத்த பாக்க வேண்டிய அவசியமே இல்ல, பாடத்தையும் அவ அப்படித்தான் காதால புடிச்சு வச்சிருக்கா.

இந்த வயசுல இது சகஜம்தான். சோனாலி நாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் கன்னடம் படிக்கிற பிள்ளைங்கள வச்சு பண்ணின ஆய்வு 2007ல வந்துச்சு, அதுல நாலாங்கிளாஸ் வரைக்குமே பிள்ளைங்க எழுத்த கத்துக்கிட்டுதான் இருக்காங்க, க-ங்கிறத முழு சத்தமா சீக்கிரம் புடிக்கிறவங்களுக்கு அதுக்குள்ள 'க்', 'அ'ன்னு ரெண்டு சத்தம் இருக்கிறது புரிய ரொம்ப நாள் ஆகுது. தமிழ் எழுத்தும் அதே மாதிரி அமைப்புதான், அதனால நீங்க 247ன்னு பாக்காதீங்க, 12 உயிர், 18 மெய், அது சேர்ற குறிங்க, அவ்ளோதான் விஷயம்.

எழுத்து அட்டவணைய குறுக்க படிக்க வைக்காம மேலேருந்து கீழ படிக்க வைங்க. துணைக்கால் மட்டும் எடுத்துக்கிட்டு கா, மா, பா, வான்னு, எல்லாத்துலயும் 'ஆ' கேக்குதான்னு கேளுங்க. கொம்புக்கு மட்டும் பொறுமையா இருங்க, ஏன்னா 'கெ', 'கே'ல குறி முன்னாடி நிக்குது சத்தம் பின்னாடி வருது, 'கொ'ல ரெண்டு பக்கமும் நிக்குது, உகரம் வந்தா கு, டு, து, மு எல்லாம் வேற வேற வடிவம், பெரியவங்க நமக்கு பழகிப்போச்சு, ஆனா அந்த குழந்தைக்கு இது நெஜமாவே கஷ்டம்.

தேறிட்டாளான்னு பாக்கணும்னா 'மீடு', 'தொகி'ன்னு அர்த்தமே இல்லாத வார்த்தைய எழுதி காட்டுங்க, ஆராய்ச்சி பண்றவங்களும் இப்படித்தான் பாக்குறாங்க, ஏன்னா அத மனப்பாடம் பண்ணியிருக்கவே முடியாது. தெனம் பத்து நிமிஷம் போதும்.

இன்னொன்னு, 'இருக்கிறது'ன்னு இருக்கிறத அவ 'இருக்கு'ன்னு வாசிச்சா திட்டிடாதீங்க, அவளுக்கு அர்த்தம் புரிஞ்சிருக்கு, வீட்ல பேசுற மாதிரி சொல்றா, அவ்ளோதான். கடைசி எழுத்துல விரல வச்சு 'இத பாரு'ன்னு மட்டும் சொல்லுங்க.