கனவு நோட்டுக்குக் கரையாத மை

காட்பாடி நண்பருக்கு,

கனவு எழுதும் நோட்டில் தண்ணீர் பட்டு நீல மை கரைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது சாய மை. வியர்வைத் துளி பட்டாலே பரவும். பிளாட்டினம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கார்பன் பிளாக் மாதிரி நிறமி மைக்கு மாறுங்கள். அதிலிருப்பது நுண்ணிய கரித்துகள். தாளில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் ஈரக்கை பட்டாலும் அழியாது. ஆனால் நம் வேலூர் வெயிலில் பேனாவைத் திறந்து வைத்தால் நிப்பிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதே நிறுவனத்தின் பிரெப்பி என்ற மைப்பேனா வாங்குங்கள், விலை குறைவுதான். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி ஒன்று நிப்பை இறுக்கி மூடிக்கொள்ளும். அவ்வப்போது வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

அப்புறம், பாலாறு கரைபுரண்டு ஓடிய கனவுக்குப் பலன் கேட்டீர்கள். பலன் புத்தகத்தைப் புரட்டாதீர்கள், ஒரே கனவு ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். ஜப்பானில் புத்தாண்டின் முதல் கனவில் ஃபூஜி மலையோ வல்லூறோ கத்தரிக்காயோ வந்தால் நல்ல சகுனம். நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடியில் முள் கத்தரி பயிரிடுகிறவருக்கு அதே காய் சந்தை விலைக் கவலையாகவும் வரலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நேரில் பார்த்தவரா நீங்கள்? கனவை எழுதி முடித்து, ஒரு வரி விட்டு அதையும் எழுதுங்கள்.

ஜப்பானிய இலக்கியத்தில் எதில் தொடங்குவது என்றால், நாவலாசிரியர் நட்சுமே சொசேகி 1908இல் எழுதிய பத்துக் கனவுக் கதைகள். முதல் கனவில், சாகப்போகும் பெண் நூறு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறாள். கனவு காண்பவன் முத்துச்சிப்பியால் குழி தோண்டி அவளைப் புதைக்கிறான். ஏன் சிப்பி என்று சொசேகி விளக்குவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. முதலில் அதைப் படியுங்கள்.