மனச்சோர்வும் உடற்பயிற்சியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். முதுகு வலி, மூட்டு வலி என்று வருகிறவர்களில் பலர் மனச்சோர்வையும் சேர்த்தே சுமந்து வருகிறார்கள். உடற்பயிற்சி மனத்துக்கு எந்த அளவுக்கு உதவும் என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (பெரம்பூர்): மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் தம்பியைத் தினமும் வாக்கிங் போகச் சொல்கிறோம். போகத் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. அந்த முடிவு மனநல மருத்துவருடையது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைக் கடந்த 156 மனச்சோர்வு நோயாளிகளை 16 வாரங்கள் கவனித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும் என மூன்று குழுக்கள். இறுதியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. ஆனால் மாத்திரைக் குழுவில்தான் பலன் முதலில் தெரிந்தது. பயிற்சிக் குழுவினரைத் தனியே விட்டுவிடவில்லை. மேற்பார்வையில் வாரம் மூன்று முறை செய்யவைத்தார்கள். ஆகவே தம்பியைப் 'போ' என்று சொல்லாதீர்கள், கூடவே நடங்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): ஐ.டி. வேலையில் இருக்கிறேன். விடுமுறை நாளில் கட்டிலை விட்டு எழவே மனம் வருவதில்லை. நான் எங்கே பயிற்சி செய்வது?

பதில்: இதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எதிலும் நாட்டம் இல்லாமல் போவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறி. மனம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வராமலே போகலாம். பெரும்பாலும் உடல் அசைந்த பிறகுதான் மனம் பின்னால் வருகிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். முதல் சில நாட்களுக்கு அது போதும். பிறகு மொட்டை மாடி, அதன் பிறகு தெருமுனை. தினமும் தொடங்கும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டவும் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு போய்ச் சேர வேண்டிய இடம். அதைப் பார்த்து முதல் நாளே மிரள வேண்டாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இதே அயர்ச்சியைத் தரும். ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்துப் பயம் வருகிறது. வேகமாக நடந்தாலும் அதே படபடப்பு. நடப்பதை விட்டுவிடட்டுமா?

பதில்: முதலில் இதயப் பரிசோதனை. அதில் கோளாறு இல்லை என்றால் விடாதீர்கள். நடக்கும்போது எழும் படபடப்பு தானாக அடங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அதன்மீதுள்ள பயம் குறையும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் இரண்டு நிமிடம் சற்று வேகமாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் நடந்து பாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

கேள்வி (தாம்பரம்): பக்கவாதம் வந்த அப்பா பிசியோதெரபிக்கு ஒத்துழைக்க மறுக்கிறார். பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

பதில்: பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. 'பிடிவாதம்' என்று ஒதுக்கப்படுவது பல வீடுகளில் அதுதான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்; சிகிச்சை உண்டு. பயிற்சியின் இலக்கை அப்பாவே சொல்லட்டும். தானே சட்டைப் பொத்தான் போட வேண்டும் என்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி (தண்டையார்பேட்டை): லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். மே மாதத்தில் ஓடலாமா?

பதில்: வெயிலில் வேண்டாம். மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தத் தரப்படும் மருந்து லித்தியம். வியர்த்து நீரிழப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறலாம். விடியற்காலையில், தண்ணீர் குடித்துக்கொண்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): யோகாவா, ஜிம்மா?

பதில்: நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அது.

கேள்வி (வேளச்சேரி): அம்மாவுக்கு முழங்கால் வலி. 'இனி இருந்து என்ன பயன்' என்கிறார். என்ன பயிற்சி தரலாம்?

பதில்: முழங்காலைப் பிறகு பார்ப்போம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அம்மாவிடம் இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் நேரே அழைத்துச் செல்லலாம்.