காபா ஒட்டினால் நரம்புச் செல் ஏன் அடங்குகிறது?

பெருமூளைப் புறணியில் காபா என்னும் வேதிப்பொருள் நரம்புச் செல்களை எப்படி அடக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். காபா ஒட்டும் காபா-ஏ ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்த குளோரைடு வாசல்; காபா ஒட்டியதும் அது திறக்கும். செல்லின் ஓய்வுநிலை மின்னழுத்தம் சுமார் −70 மில்லிவோல்ட். குளோரைடு அயனி உள்ளேயும் வெளியேயும் சமமாகப் போய்வரும் மின்னழுத்தமும் அதை ஒட்டியே இருக்கிறது. அதனால் மின்னழுத்தம் பெரிதாக இறங்காமலேயே அடக்குதல் நடக்கும். பலர் குழம்புவது இங்கேதான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் நிரம்புமா? அப்படித்தான் கிளர்ச்சி தரும் மின்னோட்டம் திறந்த வாசல் வழியே கசிந்துவிடுகிறது. துடிப்பு தொடங்கத் தேவையான சுமார் −55 மில்லிவோல்ட்டை எட்டாததால் நரம்புத் துடிப்பு எழுவதில்லை.

காபா-பி என்னும் இன்னொரு ஏற்பி வேறு ரகம். பொட்டாசியம் வாசலை மெதுவாகத் திறக்கும்.

டயசெபாம் என்னும் மருந்து தானாகக் காபா-ஏ வாசலைத் திறக்காது, காபா இருக்கும்போது அடிக்கடி திறக்க வைக்கும். வலிப்புக்கு அதைக் கொடுப்பது இதனால்தான். அதே வாசலை அடைக்கும் பிக்ரோடாக்சின் என்னும் நச்சோ வலிப்பையே வரவழைக்கும்.