முறுக்கா, முகக் கிரீமா?

கேள்வி: எனக்கு வயது 24. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இணையத்தில் வியாபாரம் செய்ய ஆசை. 1,500 வெள்ளி கட்டிப் போன வகுப்பில், அழகுப் பொருளில்தான் காசு என்றார்கள். முகக் கிரீம் விற்கலாமா? அம்மா முறுக்கு நன்றாகச் சுடுவார். கூச்சிங் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிக்கு அனுப்பினால், நண்பர்களே பாதியைக் காலி செய்துவிடுகிறார்களாம். ஆனால் தீபாவளிக்கு முறுக்கு விற்காதவர் யார்?
- வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: பெஸ்தாரி ஜெயா என்கிறீர்கள். எனக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை.

2019-இல் ஷோப்பியில் கைப்பேசி உறை விற்றேன். எல்லோரிடமும் போன் இருக்கிறது, எல்லோரும் வாங்குவார்கள் என்று கணக்கு. 4 வெள்ளிக்கு எடுத்து 7.90-க்குப் போட்டேன். கமிஷனும் பையும் போக 2 வெள்ளி சொச்சம் நின்றது. மூன்றாம் மாதம் சீனாவிலிருந்து ஒருவர் அதே உறையை 3.50-க்குப் போட்டார். முடிந்தது கதை. மிச்சத்தைப் பசார் மாலாமில் தள்ளினேன். சில இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அப்புறம்தான் ஒட்டு வேட்டி. பள்ளிப் பொங்கல் விழாவில் வேட்டி அவிழ்ந்து மகன் அழுததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஒட்டிக்கொள்ளும் வேட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதே வாரம் இன்னும் இரண்டு அம்மாக்கள் கேட்டார்கள். 18 வெள்ளிக்கு எடுத்து 35-க்கு விற்றேன், செலவு போக 12 நின்றது. விலை அதிகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவு சரியாக இருக்குமா என்றுதான் கேட்டார்கள்.

கிரீம் வேண்டாம். அழகுப் பொருளை விற்கும் முன் சுகாதார அமைச்சில் அறிவிப்புப் பதிவு இருக்க வேண்டும். பாதரசம், ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம்களுக்கு அமைச்சு பதிவை ரத்து செய்துகொண்டே இருக்கிறது. சிக்கல் வந்தால் வழக்கு விற்றவர் மேலும் வரும்.

முறுக்குக்கு வருவோம். 'தீபாவளி முறுக்கு' என்று போட்டால் கிள்ளான் முதல் சுங்கை பட்டாணி வரை எல்லா அத்தைகளோடும் போட்டி. ஆனால் சரவாக்கின் கோத்தா சமராஹானில் யூனிமாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது, சபாவின் கோத்தா கினபாலுவில் யூஎம்எஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. சபா, சரவாக்கில் நம்மவர் குறைவு. சுட்டுக் கொடுக்க அத்தை இல்லை. தீபாவளிக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடும் பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் விற்க வேண்டும். வாங்கப்போவது பெரும்பாலும் அவர்களின் அம்மாக்கள். முகவரி மட்டும் பிள்ளையுடையது. விளம்பரத்தை அம்மாக்களுக்கு எழுதுங்கள்.

1 கிலோ பெட்டியைக் கடல் தாண்டி அனுப்ப என்ன ஆகும் என்று முதலில் கேட்டுவிட்டு விலை போடுங்கள். தீபகற்பத்துக்குள் அனுப்பும் கணக்கு அங்கே செல்லாது. அச்சு முறுக்கு இப்போதைக்கு வேண்டாம், தூளாகத்தான் போய்ச் சேரும். உணவைக் கையாள்வதால் அம்மாவுக்கு டைபாய்டு ஊசியும் உணவுக் கையாளுநர் பயிற்சியும் தேவை. வியாபாரத்தை எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய, சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60.

இன்னொன்று, தம்பியின் நண்பர்கள் தின்றது ஓசியில். வேலையை விடாமல், 20 பொட்டலத்துக்கு முன்பணம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் கட்டினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.