காணி மூப்பர்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

வணக்கம். முதுகலை ஆய்வுக்காகப் பாபநாசம் மலையில் காணிப் பழங்குடியினரிடம் மூலிகைப் பட்டியல் கேட்டீர்கள், மூப்பர்கள் பேச மறுத்துவிட்டார்கள், வேறு ஊர் பார்க்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரை மாற்ற வேண்டாம், கேட்கும் முறையை மாற்றுங்கள்.

அவர்களின் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1987-ல் அகத்தியமலையின் கேரளப் பக்கம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள், களைப்புத் தெரியாமல் இருக்க ஆரோக்கியப்பச்சை என்ற காட்டுச் செடியின் காயைத் தின்றார்கள். விஞ்ஞானிகள் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அதைத் தயாரிக்கும் உரிமம் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் போனது; அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்தப் பணத்தைப் பெற அறக்கட்டளை உருவானது 1997-ல்தான். அதற்கு முன்பே அவர்களின் வைத்தியர்களான பிளாத்திகள் சிலர், எங்கள் அறிவை விற்காதீர்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அதனால் முதலில் ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள். எதை எழுதுவீர்கள், எங்கே வெளியிடுவீர்கள், அவர்களுக்கு என்ன திரும்ப வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்கிவிடுங்கள். செய்முறையும் அளவும் கேட்கவே வேண்டாம்; செடியின் பெயரும் பயன்படும் பகுதியும் உங்கள் ஆய்வுக்குப் போதும். அப்புறம், அந்த மலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்காதீர்கள்.